பதினொரு நரிவால், ஒரு மான்கால்

"தீர்மானம் நான்கு: எமது ஊர்க் குளத்தடியில் வாழும் புள்ளிமான்களைப் பாதுகாக்கும் பொருட்டு, அங்கு கொல்லப்படும் ஒவ்வொரு நரிக்கும் வேட்டைக்காரருக்குச் சங்கம் சன்மானம் வழங்கும். முன்மொழிந்தவர் திரு. தவராசா. வழிமொழிந்தவர் செயலாளர். எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது."

எங்கள் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளைக் குறிப்பேட்டில் நீல மையில் இப்படி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. வழிமொழிந்த செயலாளரும் நான்தான். ஒரு மாசி மாத ஞாயிறு அது. வருடத்தை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்னும் ஒரே கடையில் மீன் வாங்குகிறவர்கள்.

போன கிழமை இந்தப் பத்தியில் மோர்டனில் இருக்கும் என் வீட்டின் கூரை ஒழுகிய கதையை எழுதியிருந்தேன். அந்த ஒழுக்கிலிருந்து தப்பிய பெட்டிக்குள்தான் இந்தக் குறிப்பேடும் இருந்தது. ஓரம் மட்டும் நனைந்து காய்ந்து அப்பளம்போல நெளிந்திருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்கு முதலில் கூட்டம் நினைவுக்கு வருவதில்லை. ரிச்மண்ட் பார்க்கில் ஒரு மர வாங்கும், அதில் நெருக்கி உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்களும்தான் வருகிறார்கள்.

வாங்கில் இரண்டு பேர்

கூட்டம் முடிந்து ஒன்பது மாதம் இருக்கும். கார்த்திகை. தவராசா அண்ணையும் நானும் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து பஸ் மாறிப் பார்க்குக்குப் போனோம். அவர் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால், சாரதி பிரேக் பிடிக்கும் இடமெல்லாம் தானும் வலது காலை அழுத்துவார்.

"பாத்தீரே, வளைவிலை எப்பிடி வெட்டுறான் எண்டு," என்று அன்றும் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

என் கோட்டின் உள்பையில் ஒரு கடித உறை இருந்தது. அதற்குள் பெரிதாக்கி அச்சிட்ட ஒரு படம். அதைக் காட்டுவதற்குத்தான் அவரை அழைத்து வந்தேன். வீட்டில் வைத்துக் காட்ட மனம் வரவில்லை. அவருடைய முன்னறைச் சுவரில் மனைவியின் படம் மாலையோடு இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு சட்டம்: எங்கள் ஊர்க் குளத்தில் நான்கு புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது அவரே எடுத்தது. நான்காவது மான் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பார்க்கில் பன்னச் செடிகள் காய்ந்து செம்மண் நிறமாகக் கிடந்தன. ஓக் மரங்களின் கீழ்ப்பகுதி, யாரோ மட்டம் வைத்துக் கத்தரித்ததுபோல, ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மான்களுக்கு எட்டும் உயரம் அது. மான்களும் கிட்டத்தான் நின்றன. சில படுத்தபடி அசைபோட்டன. ஒன்றின் கொம்பில் காய்ந்த புல் தொங்கியது.

"இஞ்சை பாரும், பயமே இல்லை," என்றார் அண்ணை. தேர்மொஸ் மூடியில் தேநீரை ஊற்றி எனக்குத் தந்துவிட்டு மான்களையே பார்த்தார். "எங்கடை மானெண்டால் உந்த மூடி திறந்த சத்தத்துக்குப் பறந்திருக்கும்."

அந்தப் பக்கமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பார்க் தொண்டர்களின் மேலங்கியோடு, வந்தார். மான்களிடமிருந்து தள்ளி இருக்கும்படி சொல்லத்தான் வந்தவர். எங்கள் வயதைப் பார்த்து நின்று கதைத்தார். அண்ணை தன் பஸ்கார ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்: "இந்த மான்களை இங்கே யார் சாப்பிடுகிறார்கள்?"

அவர் சிரித்தார். "ஒருவருமில்லை. ஓநாய் இல்லை, வேறெதுவும் இல்லை. அதனால் மான்களை எண்ணி, நிலம் தாங்குகிற அளவுக்குமேல் இருந்தால் குறைக்கிறார்கள். அந்த நாட்களில் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். வாசலில் அறிவித்தல் இருக்கிறதே, பார்க்கவில்லையா?"

அவர் போனபிறகு அண்ணை சொன்னார்: "எண்ணிப்போட்டுத்தான் சுடுறாங்கள்."

இதே விஷயத்தை ஒன்பது மாதத்துக்கு முன் ஒருத்தி எங்களிடம் கேட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தது. உறை இன்னும் என் பைக்குள்ளேயே இருந்தது.

டிஜேக்குப் பிறகு நரி

எங்கள் ஊர் வன்னியில், ஒரு குளத்தை அணைத்துக்கொண்டிருக்கும் ஊர். குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் காடு. அங்கிருந்து வந்து லண்டனில் சிதறியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். கதிரைகளை நாங்களே அடுக்கி, நாங்களே திரும்ப மடிக்கவேண்டும். வடையும் ரோல்ஸும் வரும். தேநீர் எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

அந்த ஞாயிறு நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக ஆண்டு ஒன்றுகூடலுக்கு டிஜே வைப்பதா என்ற விஷயம். அதற்கு முக்கால் மணித்தியாலம் போனது. நான்காவதாக நரி. அதற்கு இருபது நிமிடம்தான் மிஞ்சியது. காட்டில் எது இருக்கலாம், எது சாகவேண்டும் என்பதை, மண்டபச் சாவியை ஐந்து மணிக்கு முன் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் நாங்கள் தீர்மானித்தோம். எங்களைப்போன்ற சங்கங்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது.

தவராசா அண்ணை எழுந்தார். வழக்கமாகக் கூட்டத்தில் பேசாதவர். எழுதிக்கொண்டு வந்த துண்டைப் பார்க்காமலே பேசினார்.

"குளத்தடிக்கு மான் திரும்ப வந்திருக்குது. ஆனா குட்டியள் தப்புதில்லை. நரி திண்டு முடிக்குது. என்ரை மருமோன் குகன் அங்கை நிக்கிறான், அவன் சொன்னவன். பக்கத்து ஊரிலை வேட்டைக்காரர் ரெண்டு பேர் இருக்கினம். ஒரு வாலுக்கு இவ்வளவு எண்டு குடுத்தால் செய்வினம். முதல் வருசச் செலவு என்ரை."

"வால் மட்டுமோ அண்ணை, தோலும் வருமோ? மனுசி ஒரு கைப்பை கேட்டவ," என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் மீனாட்சி கையை உயர்த்தினாள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்தவள். சொந்த இடம் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கம். மருந்து நிறுவனம் ஒன்றில், எந்த மருந்து வேலை செய்கிறது என்று எண்களை வைத்துப் பார்க்கும் உத்தியோகம்.

"மாமா, ஒரு சந்தேகம். இப்ப குளத்தடியில எத்தனை மான் இருக்கு?"

"முந்தி நிறைய இருந்தது பிள்ளை. இப்ப குறைவு."

"நிறையன்னா எவ்வளவு?"

"நிறைய எண்டால் நிறைய!" என்று யாரோ குரல் கொடுக்க, மறுபடியும் சிரிப்பு.

அவள் விடவில்லை. "நரிதான் குட்டியைக் கொல்லுதுன்னு யாராவது பாத்தாங்களா?"

"குகன் பாத்தவன். குட்டியின்ரை எலும்புக்குப் பக்கத்திலை நரி நிண்டதாம்."

"செத்துப்போனதைத் தின்ன வந்திருக்கலாம்ல? ஊர் நாய் கொன்னுருக்கலாம். இல்ல, தீனி பத்தாம இருக்கலாம். நரியைக் குறைச்சா சில இடத்துல பலன் கிடைக்கலாம், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இப்ப எத்தனைன்னு எண்ணாம விட்டா, அடுத்த வருஷம் கூடிச்சா குறைஞ்சுதான்னு எப்படிங்க தெரியும்?"

அண்ணை கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

முள்ளெலியை நான் சொல்லவில்லை

முப்பது வருடம் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் வேலை செய்தவன் நான். எந்த நோயாளி எந்தத் திகதியில் வந்தார் என்று தேடிக் கொடுப்பது தொழில். தொழில் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. நூலகங்களில் பழைய பதிவுகளின் அச்சுப் பிரதிகளை எடுத்து வாசிப்பேன். சங்கத்தில் எனக்குக் 'கலண்டர்' என்று பெயர்.

அந்த மாதங்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது இங்கிலாந்துக் கிராமத் தேவாலயம் ஒன்றின் பழைய கணக்கேடு. மெழுகுதிரி, மணிக்கயிறு, கூரைத் திருத்தம் என்று போகும் வரிகளுக்கு நடுவே, நரித்தலை கொண்டுவந்தவருக்கு இவ்வளவு, பறவைத்தலை கொண்டுவந்தவருக்கு இவ்வளவு என்று இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் பல ஊர்களில் நடந்த வழக்கம். பிரித்தானியர் இலங்கைக்கு வந்தபோதும் இதைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

அதைத்தான் எழுந்து சொன்னேன். "இது புது விஷயமில்லை. இந்த நாட்டிலையே தேவாலயக் கணக்கிலை நரித்தலைக்குக் காசு குடுத்திருக்கினம். நான் வாசிச்சனான்."

"கலண்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார் தலைவர், சாவியைப் பார்த்துக்கொண்டே.

கைகள் எழுந்தன. எதிர்த்து ஒரேயொரு கை. மீனாட்சியின் கணவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே கணக்கேட்டில், நரிக்கு இரண்டு வரி கீழே, முள்ளெலிக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள். முள்ளெலி, இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் பால் குடித்துவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதை நம்பிப் பரம்பரை பரம்பரையாகத் தலை எண்ணியிருக்கிறார்கள். அதனால் பசு கூடுதலாகப் பால் தந்ததா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். வாசித்த அன்று சிரித்திருக்கிறேன். கூட்டத்தில் அது வாயில் வரவில்லை. வந்திருந்தால் அண்ணையின் தீர்மானம் தோற்றிருக்கும். அவர் தோற்பதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான். நரியைக் கொல்வது அங்கே சட்டப்படி சரியா என்றுகூட எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பேப்பருக்கு மேல் வால்

ஒரே வாலை இரண்டு தரம் காட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்கு நான் ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு வாலையும் அன்றைய பேப்பருக்கு மேல் வைத்துப் படம் எடுக்கவேண்டும். பேப்பரின் திகதி தெரியவேண்டும். குகன் அதை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவான். நான் பதிவேட்டில் ஏற்றுவேன்: வரிசை எண், பேப்பர் திகதி, படம் கிடைத்த திகதி.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமை இருந்தது. மீனாட்சியின் வாயை அடைக்க இது போதும் என்றுகூட நினைத்தேன்.

முதல் வால் பங்குனியில் வந்தது. நான் பார்க்கும்போது என் தோட்டத்து வேலியில் ஒரு லண்டன் நரி உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்திய கிழமைதான் என் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோயிருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு எழுதினேன்.

வால்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தவராசா அண்ணை தொலைபேசுவார். "இண்டைக்கு என்ன கணக்கு?" ஏழு என்பேன். "அப்ப ஏழு குட்டியாவது தப்பியிருக்கும், என்ன?" என்பார். ஓம் அண்ணை என்பேன். ஏழு நரி செத்தது என்பதற்குத்தான் என்னிடம் அத்தாட்சி இருந்தது. ஒரு குட்டி தப்பியது என்பதற்கு ஒரு படமும் வரவில்லை. அதை அனுப்பும்படி யாரையும் நாங்கள் கேட்கவும் இல்லை.

பதினோராவது படம் ஐப்பசியில் வந்தது. ஏதோ ஒரு கொட்டிலின் உள்பக்கம். வெளிச்சம் குறைவு. பேப்பரின் திகதி மடிப்புக்குள் போயிருந்தது. அதை வாசிப்பதற்காகப் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கியதும் மடிப்பின் ஓரத்தில் திகதி தெரிந்தது. படத்தின் ஓரத்தில், சுவர் ஆணியில், ஏதோ தொங்கியது.

மான்கால். குளம்பிலிருந்து முழங்கால் வரை. குளம்புக்கு மேலே இறுகியபடி ஒரு கம்பிச் சுருக்கு.

அன்றே குகனுக்கு அழைத்தேன். நல்ல பையன், நாற்பது வயதிலும் எனக்குப் பையன்தான். ஒளித்துப் பேசத் தெரியாது.

"வேட்டைக்காரர் எண்டால் துவக்காலைதானே சுடுகினம்?" என்று கேட்டேன்.

"துவக்கு ஆரிட்டை மாமா இருக்கு? கம்பிதான். மோட்டச்சைக்கிள் கிளச் கம்பி. முந்தி அங்கினை இஞ்சினை வைக்கிறவை. இப்ப நீங்கள் வாலுக்குக் குடுக்கிற படியால் குளக்கட்டு நீட்டுக்கும் வைச்சிருக்கினம்."

லண்டன் மண்டபத்தில் இருந்து நாங்கள் நினைத்தது துவக்கு. ஒரு மனிதன், ஒரு குறி, ஒரு நரி. குறிப்பேட்டில் நானே 'வேட்டைக்காரர்' என்று எழுதியிருக்கிறேன். குளக்கட்டு நெடுக, மான் தண்ணீருக்கு இறங்கும் அதே வழிகளில், கம்பி கட்டுவதற்கு நாங்கள் காசு அனுப்பியிருக்கிறோம்.

"முதலோ, பிறகோ?"

பார்க் வாங்குக்கு வருகிறேன்.

தேநீர் முடிந்தது. உறையை எடுத்துக் கொடுத்தேன். அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். முதலில் வாலைத்தான் பார்த்தார். பிறகு என் விரல் போன இடத்தைப் பார்த்தார்.

குகன் சொன்னதைச் சொன்னேன். நீண்ட நேரம் படத்தை மடியில் வைத்திருந்தார். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது நான் வைக்கிற முடிச்சு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இடம்பெயர்ந்து காட்டுக்கரையிலை கிடந்த நேரம். பிள்ளையளுக்கு மூண்டு நாளாக் கஞ்சிதான். சைக்கிளின்ரை பிரேக் கம்பியைக் கழட்டி வைச்சனான். விடிய ஒரு பெண்மான். பக்கத்திலை குட்டி நிண்டது. நான் வெட்டிக்கொண்டு போகேக்கையும் நிண்டது. அடுத்த நாள் தண்ணிக்குப் போகேக்கையும் அதிலையே நிண்டது."

அவர் எதிரே படுத்திருந்த மானைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளையள் சாப்பிட்டதுகள். நானும் சாப்பிட்டன். மனுசி ஒரு துண்டும் தொடேல்லை. என்னை ஏசவும் இல்லை. சாகும்வரைக்கும் அதைப்பற்றி ஒரு கதை கதைக்கேல்லை. குளத்தடிக்குத் திரும்ப மான் வந்திட்டுது எண்டு குகன் சொன்ன நேரம்... அவ இருந்திருந்தால் சொல்லியிருப்பன்."

இத்தனை வருடம் பழகியும் எனக்குத் தெரியாத விஷயம். சங்கத்துக்கும் தெரியாது. முதல் வருடச் செலவு என்னுடையது என்று அவர் ஏன் எழுந்து நின்றார் என்பது அன்றுதான் விளங்கியது. (இதை எழுத அவருடைய சம்மதம் இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் எழுதவேண்டாம் என்றார்.)

"நரிக்கெண்டு வைச்சதுதானே அண்ணை..." என்று தொடங்கினேன்.

"நரிக்கெண்டு வைச்சாலும் ஆர் வாறதெண்டு கம்பிக்குத் தெரியுமே?"

பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பிக் கேட்டார்.

"இந்தக் கால் எங்கடை காசுக்கு முதலோ, பிறகோ? நீர்தானே திகதி வைச்சிருக்கிறீர். சொல்லும்."

படத்தின் திகதி எனக்குத் தெரியும். பேப்பரில் இருக்கிறது. வாலின் திகதியும் தெரியும். ஆணியில் தொங்கிய காலின் திகதி தெரியாது. அது காய்ந்த கால். எப்போதோ மாட்டியதாக இருக்கலாம். கம்பி வைப்பது அந்தப் பக்கத்தில் எங்கள் தீர்மானத்தோடு தொடங்கிய பழக்கமும் இல்லை.

"முதல்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அவர் அதைத்தான் எதிர்பார்த்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருமுறை அவருக்காக ஒரு வரியை விழுங்கியவன் நான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவருடைய மடியில் கிடந்தது.

"தெரியேல்லை அண்ணை. கேட்டுச் சொல்லுறன்."

அவர் தலையாட்டினார். படத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் வலது காலை அழுத்தவேயில்லை.

தீர்மானம் ஐந்து

அன்று மாலையே காசை நிறுத்திவிட்டோம். கம்பிகளை எடுக்கச்சொல்லிக் குகனிடம் சொன்னோம். ஆனால் முறைப்படி திரும்பப் பெறக் கூட்டம் வேண்டும். மறுபடியும் மாசி, அதே மண்டபம், அதே ஆறிய தேநீர்.

தவராசா அண்ணை எழுந்தார். "போன வருசம் நான் கொண்டுவந்த தீர்மானம் பிழை. நரிக்குக் குடுத்த காசிலை மானுக்குக் கம்பி வைச்சிருக்கிறம். மீனாட்சிப் பிள்ளை அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டது. நாங்கள் சிரிச்சனாங்கள். நான் திரும்ப எடுக்கிறன்." உட்கார்ந்துவிட்டார். காட்டுக்கரைக் கதையை அங்கே சொல்லவில்லை. படத்தையும் காட்டவில்லை.

அடுத்து நான் எழுந்து முள்ளெலியைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. 'கலண்டரும் பிழைவிடும்' என்று தலைவர் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

கைப்பை கேட்ட அதே பின்வரிசைக்காரர் யோசனை ஒன்று சொன்னார். "அப்ப வாலுக்குப் பதிலா, எடுத்துக்கொண்டு வாற ஒவ்வொரு கம்பிக்கும் காசு குடுப்பம்."

"அப்படின்னா கடையில கம்பி வாங்கி, வளைச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க," என்றாள் மீனாட்சி. இந்த முறை சிரிப்பு அவளுடைய பக்கம் இருந்தது. அவளுடைய கணவனும் சிரித்தான், விட்டத்தைப் பார்க்காமல்.

முடிவில் நிறைவேறியது இது: ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம். காலையில் குளக்கட்டு நெடுக நடந்து கம்பி இருந்தால் கழற்றவேண்டும். பின்னேரம், தண்ணீருக்கு வரும் மான்களை எண்ணவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் அதே சம்பளம். இந்தக் கடைசி நிபந்தனை மீனாட்சியுடையது. அதன் அருமை எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது: எண்ணிக்கை இறங்கிய மாதங்களையும் அவர்கள் அப்படியே அனுப்பினார்கள்.

மான்கள் கூடிவிட்டனவா என்று வாசகர்கள் கேட்பீர்கள். மழைக்குப் பிறகு எண்ணிக்கை கூடுகிறது, கோடையில் குறைகிறது. ஊர் நாய்களைக் கட்டிவைக்கச் சொன்ன வீடுகளில் பாதி கட்டுகிறது. நரிகள் திரும்ப ஊளையிடுகின்றனவாம். நரியைக் கொன்ற அந்த ஒன்பது மாதத்தில் மான் கூடியதா என்று ஒருநாளும் சொல்லமுடியாது. தொடக்க எண் எங்களிடம் இல்லை.

பன்னிரண்டாவது வரி

அண்ணைக்குச் சொன்னபடி நான் கேட்டேன். குகன் முதலில் சொன்னான்: "அது பழசு மாமா, அப்பவே கிடந்தது." ஒரு மாதம் கழித்து, வேறு கதைக்கு நடுவில்: "அந்தக் காலோ? அவையள்தான் கொண்டந்து கொழுவினவை, நரிக்கு வைச்ச நேரம்." எது சரி என்று கேட்டதற்கு யோசித்தான். "வடிவாத் தெரியேல்லை மாமா." பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அது ஆணியில் தொங்கிய ஒரு கால். அது திகதி வைக்கவேண்டிய பொருள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கொட்டிலும் மழையில் விழுந்துவிட்டது.

இரண்டு பதில்களையும் அண்ணைக்கு அப்படியே சொன்னேன். அவர் என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதினொரு நரிவால்களுக்குக் கீழே, என் கையாலேயே, பன்னிரண்டாவது வரியை எழுதவைத்தார்: "மான்கால், ஒன்று."

"திகதி?" என்று கேட்டேன்.

"அதை விடும். பிறகு தெரிஞ்சால் எழுதும்."

அவருடைய முன்னறையில் நான்கு மான்களின் படம் இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பின்பக்கத்தில் நாலாக மடித்த ஒரு தாள் செருகியிருப்பதை, ஒருநாள் அவருக்கு உதவியாகத் தூசி தட்டும்போது கண்டேன். எடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசுவார். முழங்கால் வலி, கவுன்சில் குப்பை எடுக்காதது, பெண்கள் அனுப்பிய கடைசி எண்ணிக்கை எல்லாம் பேசுவோம். தொலைபேசியை வைப்பதற்கு முன் கேட்பார்.

"தம்பி, அது?"

"இன்னும் இல்லை அண்ணை."

நூற்றுக்கணக்கான திகதிகள் உள்ள என் பதிவேடுகளில், அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த மான் எங்கள் தீர்மானத்துக்கு முன் செத்ததா, பின் செத்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படவில்லை.